சரணடைந்தவனைக் கொல்லக் கூடாது

"கையும் காலும் கட்டித்தானே கிடக்கான்? கழுத்துல கத்திய வெச்சா முடிஞ்சுது."

எதிர் இருக்கையிலிருந்து வந்த குரலைக் கேட்டுப் பானு நிமிர்ந்தாள்.

"அரே, அவன் சரணடைஞ்சுட்டான்டா. கத்தியக் கீழ போட்டு மண்டி போட்டுட்டான்."

"அதனால? இன்னிக்கு விட்டா நாளைக்கு வந்து ஊரையே கொளுத்துவான். ஞாயித்துக்கிழமை அவன முடிச்சிடணும்."

சிஞ்ச்வட்டில் ஓடி வந்து ஏறிய லோக்கல் ரயில் அது. மகளிர் பெட்டி வரை போக மழை விடவில்லை. கைக்கு எட்டிய பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் ஒண்டி, துப்பட்டா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் எல்லோரும் மராத்தியில் வெங்காய விலையைப் பேச, எதிர் இருக்கையில் இரண்டு இளைஞர்கள் மட்டும் தமிழில், குரலைக் கொஞ்சமும் தாழ்த்தாமல் ஒரு கொலையைத் திட்டமிட்டுக்கொண்டிருந்தார்கள்.

புனேயில் தமிழ் பேசுகிறவர்களுக்கெல்லாம் இருக்கும் தைரியம்தான் அது. யாருக்குப் புரியப் போகிறது என்ற தைரியம். அவளும் அம்மாவும் பஸ்ஸில் பக்கத்துப் பெண்ணின் மூக்குத்தியைப் பற்றி எத்தனை முறை சத்தமாகப் பேசியிருக்கிறார்கள்!

பேசாமல் இறங்கிப் போய்விடலாம்... ஆனால் யாரோ ஒருவன், எங்கோ ஓர் அறையில், கட்டுண்டு கிடக்கிறானே...

"விட்டுடுங்க அவனை!"

தன் குரல்தானா அது? பருமனானவன் கையிலிருந்த வேர்க்கடலைப் பொட்டலம் நழுவி விழுந்தது. மற்றவன் மெல்ல நிமிர்ந்து பார்த்தான். கறுத்த, அகன்ற கண்கள். மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ விளக்கேற்றி வைத்தது போல அவற்றில் ஒரு மினுக்கம். கொலைகாரனுக்கு இப்படியா கண் இருக்கும்?

"நீங்க... தமிழா?"

"அது முக்கியமில்ல. யார அடைச்சு வெச்சிருக்கீங்க? எங்க? கட்கில இறங்கின உடனே நான் நேரா போலீஸுக்குத்தான் போவேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சிரிக்க ஆரம்பித்தார்கள். பருமனானவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது.

"மேடம், அந்த ஆள் ஒரு கொள்ளைக்காரன். அவன் அடைஞ்சு கிடக்கறது இந்தப் பைக்குள்ளதான்" என்று அந்தக் கண்காரன் பையைத் திறந்தான். பென்சிலால் மலையும் ஆறும் வரைந்த ஒரு காகிதம். அதன் மேல், விசித்திர வடிவங்களில் வண்ணப் பகடைகள் சில உருண்டு வந்தன.

பகடையைக் கண்டதும் பானு தன்னையறியாமல் காலை இழுத்துக்கொண்டாள்.

"சும்மா ஒரு கேம்ங்க. உக்காந்த இடத்துல ஆளுக்கொரு வேஷம் போட்டுக்கிட்டு ஒரு கதைக்குள்ள போறது. கதைய நடத்தறது நான். என் பேரு அருண்ராஜ். இவன் சேவியர். கதைல இவன் பாலடின். அதாவது, சாமி பேர்ல சத்தியம் பண்ணிக்கிட்ட போர்வீரன். தர்மம் தப்பினா சாமி குடுத்த சக்தியெல்லாம் போயிடும். தப்பினானா இல்லையான்னு தீர்ப்பு சொல்றது என் வேலை. அதுலதான் எங்களுக்குள்ள சண்டை."

"சத்தியம்னு புத்தகத்துல நாலே வரி போட்டிருக்கான்" என்றான் சேவியர். "'கொடியவரைத் தண்டி'ன்னும் இருக்கு. 'கருணையோட இரு'ன்னும் இருக்கு. நான் எதைக் கேக்கறது?"

கட்கி வந்துவிட்டது. பானு சட்டென்று இறங்கினாள். என்ன அவமானம்! நாளையிலிருந்து மகளிர் பெட்டியைத் தவிர வேறெதிலும்...

"மேடம்!" கதவோரம் தொற்றியபடி அருண்ராஜ் கத்தினான். "கொல்லலாமா, கூடாதா? நீங்களே சொல்லிடுங்க!"

ரயில் நகர்ந்தது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் பதில் நெஞ்சு வரை வந்து முட்டிக்கொண்டு நின்றதே...

"சரணடைஞ்சவனைக் கொல்லக் கூடாது! கொன்னா, அவனுக்கும் இவனுக்கும் அப்புறம் என்ன வித்தியாசம்?"

நடைமேடையில் குடை பிடித்திருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். மழையும் ரயில் சத்தமும் சேர்ந்த இரைச்சலுக்குள்ளே, அவன் சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது.

வீட்டுக்குப் போன பிறகும் கேட்டுக்கொண்டே இருந்தது.

*

பானு சிஞ்ச்வட்டில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தாள். வந்து குவியும் பாகங்களை அளந்து, சரியானதற்குப் பச்சை அட்டையும் தவறியதற்குச் சிவப்பு அட்டையும் கட்டுவது வேலை. அங்கே அவள் சொல்வதுதான் முடிவு. வீட்டில் வேறு பெண். வெடிமருந்துத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்த அப்பா சுந்தரமூர்த்திக்கு, சத்தம் போட்டுப் பேசாத, கேட்ட கேள்விக்குத் தலையாட்டும் மகள்.

இரண்டு பெண்களில் எது நான்? அந்தக் கேள்வி அவளுக்கு வெகுநாளாக இருந்தது. ரயில் நடைமேடையில் கத்தியவள் மூன்றாவது ஆள். அவளைப் பானுவே அன்றுதான் முதலில் பார்த்தாள்.

அடுத்த வாரம் சிஞ்ச்வட் நிலையத்தில் அருண்ராஜ் எதிரே வந்து நின்றான்.

"உங்க தீர்ப்ப ஏத்துக்கிட்டோம். கொள்ளைக்காரன் பொழைச்சுட்டான். சேவியர்தான், இந்த தர்மம் நமக்கு ஒத்து வராதுப்பா, நான் மந்திரவாதி ஆயிடறேன்னு சொல்லிட்டான். பாலடின் இடம் காலி..."

"அதுக்கு?"

"வாங்களேன். சேவியர் வீடு இங்க பக்கத்துலதான். அவன் பொண்டாட்டி ராஜியும் ஆடறாங்க. அவங்க திருடி. நெஜத்துல இல்ல, கதைல."

சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். "பகடை உருட்டறது எங்க வீட்டுக்கு ஆகாது."

"ஏன்?"

அவள் ரயில் வரும் திசையைப் பார்த்தாள். சித்தப்பா ஒருவர் இருந்தார். சூதாட்டத்தில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டு, ஒரு நாள் தன்னையும் தொலைத்துக்கொண்டு போனவர் திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு, குழந்தை பானுவின் பரமபதத் தாயக்கட்டையைக்கூட அப்பா ஜன்னல் வழியே வீசினார். 'பகடை' என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை போனாள். அப்பாவிடம், "சிஞ்ச்வட்ல ஜாவா கிளாஸ் சேந்திருக்கேன்பா" என்றாள். அந்த வருடம் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தது. பொய் அவ்வளவு சுலபமாக வழுக்கிக்கொண்டு போனது. அப்பாவின் முகம் மலர்ந்ததைத்தான் பார்க்க முடியவில்லை.

சேவியரின் வீட்டுத் தரையில் ஒரு பாய், காகிதங்கள், ராஜி கொண்டு வந்து வைத்த அவல் போஹா, சாய். வீராங்கனைக்கு மாதங்கி என்று பெயர் வைத்தாள் பானு.

"சத்தியம் என்னன்னு உங்க வாயால நீங்களே சொல்லணும்" என்றான் அருண்ராஜ்.

"புத்தகத்துல இருக்குன்னீங்களே?"

"அது சட்டம். சட்டத்த வெச்சு சேவியர் என் உயிர எடுத்துட்டான். எனக்கு அர்த்தம் வேணும்."

பானு யோசித்தாள். "எங்க ஃபேக்டரில ஒரு பார்ட்டோட டிராயிங் வந்தா, அளவு மட்டும் போட்டிருக்காது. இவ்வளவு தூரம் தப்பலாம், அதுக்கு மேல போனா ஆகாதுன்னு டாலரன்ஸும் போட்டிருக்கும். எங்கயும் தப்பவே கூடாதுன்னு போட்டா ஒரு பார்ட் கூட தேறாது. எங்க வேணா தப்பலாம்னா வண்டி ஓடாது. அப்படித்தான் இதுவும். சரணடைஞ்சவனைத் தொட மாட்டேன். பயந்து நிக்கறவங்களை விட்டு ஓட மாட்டேன். என்னை நம்பினவங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"அப்ப எதிரிகிட்ட பொய் சொல்லலாமா?"

"எதிரிக்கு நான் எப்ப வாக்கு குடுத்தேன்?"

"அட, வக்கீல் வந்தாச்சுடா!" என்று சேவியர் தொடையில் தட்டினான்.

எல்லோரும் சிரித்தார்கள். அருண்ராஜ் மட்டும் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் தலை குனிந்தபோதுதான் பானுவுக்கு உறைத்தது. சத்தியத்தில் கடைசியாகச் சொன்ன அந்தப் பொய் பற்றிய வரி... யார் கேட்டார்கள் அதை? எங்கிருந்து வந்தது?

சாயை வேகமாகக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமைகள் பறந்தன. மாதங்கியின் வாளில் நீல வெளிச்சம் எரியும். அவள் நுழைந்தால் கிராமத்து நாய்கள்கூடக் குரைக்காது. அவள் சொல் நிற்கும். திரும்பும்போது அருண்ராஜும் கட்கி வரை கூடவே ரயிலில் வருவான். ஷிவாஜிநகரில் வேலை இருக்கிறதாம். வழியெல்லாம் வாக்குவாதம்தான்.

"பசிக்குத் திருடினவன மாதங்கி பிடிச்சுக் குடுப்பாளா?"

"ராஜியக்காவ இன்னும் பிடிச்சுக் குடுக்கலியே!"

"அது சிநேகம். தர்மம் எங்க?"

"சிநேகம் இல்லாத தர்மம் எதுக்கு? சிவப்பு அட்டை கட்டவா?"

அவன் தமிழ் அங்கங்கே தடுக்கும். தடுக்கிய இடத்தில் ஹிந்திச் சொல் ஒன்று வந்து முட்டுக் கொடுக்கும். அந்தத் தடுமாற்றம்கூட அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்திருந்தது... ஏன் என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒருநாள் சமையலறையில் ராஜி கண்ணைச் சிமிட்டினாள். "ஏன் பானு, அருண் வீடு எங்கன்னு தெரியுமா? தேஹு ரோடு. கட்கிக்கு நேர் எதிர்ப் பக்கம். அந்தப் பையன் வாராவாரம் உங்கூட கட்கிப் பக்கம் வர்றான். ஷிவாஜிநகர்ல என்ன வேலைன்னு கேட்டியா?"

பானுவின் கையிலிருந்த தம்ளர் அநாவசியமாக இரண்டாம் முறை கழுவப்பட்டது.

அன்றைக்குத்தான் அது நடந்தது. கட்கியில் நல்ல மழை. அருண்ராஜும் இறங்கித் தன் குடையை அவள் பக்கம் முழுதாகச் சாய்த்துப் பிடித்திருந்தான். அவனது ஒரு தோள் சொட்டச் சொட்ட நனைந்துகொண்டிருந்தது. நிலைய வாசலை நோக்கி நடந்தார்கள். ஏதோ சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்லட்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

அவளை எப்போதும் செல்லமாகக் கூப்பிடுகிற குரல் வாசலில் கேட்டது. "கண்ணு!"

அப்பா! கையில் குடையோடு, அவளுக்காகக் காத்துக்கொண்டு.

"இவ்ளோ மழையில எப்புடி வருவியோன்னு வந்தேம்மா. இவரு யாரு?"

"இவரு... எங்க ஜாவா சார்பா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. குடை பிடித்திருந்த கை ஒருமுறை அசைந்து நின்றதை அவள் உணர்ந்தாள்.

"அப்படிங்களா சார்! பொண்ணு நல்லாப் படிக்குதுங்களா? குவார்ட்டர்ஸ் பூரா நான் சொல்லி வெச்சிருக்கேன், எம்பொண்ணு ஜாவா படிக்குதுன்னு."

அருண்ராஜ் அவளைப் பார்த்தான். அவன் கண்ணில் அந்த விளக்கு அணைந்திருந்தது.

"உங்க பொண்ணு மாதிரி ஒருத்தரை நான் பார்த்ததில்லைங்க" என்றான் மெதுவாக. "என் பேரு அருண்ராஜ்." அவ்வளவுதான். பொய்யும் சொல்லவில்லை, அவளைக் காட்டியும் கொடுக்கவில்லை. குடையை மடக்கிக்கொண்டு மழையிலேயே திரும்பி நடந்தான்.

*

அடுத்த ஞாயிறு. கதையில் எதிரிப் படை ஆற்றங்கரையை நெருங்கிவிட்டது. ஊர்க் குழந்தைகளை ஒரு மாவு மில்லில் ஒளித்து வைத்திருந்தாள் மில்காரப் பெண். வாசலில் மாதங்கி காவல்.

"தளபதி வந்து கேக்கறான். உள்ள யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்ல."

அருண்ராஜ் தலையாட்டினான். "நம்பிட்டுப் போயிட்டான். வாள்ல வெளிச்சம் அப்படியே இருக்கு." பிறகு குரலை மாற்றி, மில்காரப் பெண்ணாகப் பேசினான். "வெளிய யாரோ வந்த மாதிரி சத்தம் கேட்டுதே தாயி... யாரு?"

என்ன சொல்வது? படை பக்கத்தில்தான் இருக்கிறது என்றால் அழுவாள், கேள்வி கேட்பாள்... "யாரும் வரல. காத்துதான்."

மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.

"அவ உங்கள நம்பறா. காத்துதானேன்னு கதவத் திறந்து குழந்தைங்கள ஆத்தங்கரைக்குக் கூட்டிட்டுப் போறா. படை திரும்பி வருது. குழந்தைங்கள பிடிச்சுட்டுப் பாலத்துக்குக் கொண்டு போறாங்க. மாதங்கி வாள உருவறா... வெளிச்சம் இல்ல. அணைஞ்சு போச்சு."

"அவ பயப்படக் கூடாதுன்னுதான் சொன்னேன்!"

"அவளுக்காகவா? இல்ல... கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ற கஷ்டம் வேணாம்னா?"

பானு பகடையைத் தள்ளி வைத்தாள். "இது கேமா, எங்க வீட்டுக் கதையா?"

"கேம்தான்."

"இல்ல. உக்காந்த இடத்துலருந்து என்னை அளக்கறீங்க."

எழுந்தாள். ராஜி கையைப் பிடித்தாள், உதறினாள். படியிறங்கும்போது யாரும் பின்னால் வரவில்லை. வரக் கூடாது என்றும், வரவில்லையே என்றும் ஒரே நேரத்தில் நினைத்தாள்.

அன்று மகளிர் பெட்டியில் ஏறினாள். ஈரக் குடைகளின் வாடையில், கம்பியைப் பிடித்து நின்றபடி, அவனை என்னவெல்லாம் திட்டலாம் என்று கோத்துக்கொண்டே வந்தாள். பெரிய நீதிபதி! தர்மராஜா! பகடையை வைத்துக்கொண்டு ஊருக்குத் தீர்ப்பு...

ஆனால் திங்களன்று ஒரு பாகத்தை அளந்து சிவப்பு அட்டையை எடுத்தபோது கை நின்றது. இந்தப் பாகம் என்னிடம் கோபித்துக்கொள்ளுமா? அளவு தப்பியது என் அளவுகோலின் குற்றமா?

அப்பாவுக்கு வலிக்குமே என்றுதான் பொய் சொன்னதாக இத்தனை நாளும் நம்பியிருந்தாள். உண்மை அதுவா? அப்பா கேட்கும் கேள்விகளுக்கு எதிரே நிற்கப் பயம். அந்த வீட்டில் குரல் எழுப்ப வேண்டியிருக்குமே என்ற பயம். அவருக்காக ஒன்றுமேயில்லை. எல்லாம் தனக்காக. குவார்ட்டர்ஸ் முழுக்க மகளின் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்ட மனிதரை, காற்றுதான் என்று சொல்லிக் கதவைத் திறக்க வைத்திருக்கிறாள்.

சொன்னால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். மாதங்கி போய்விடுவாள். அவனும்... போயேவிடலாம். சொல்லாவிட்டால்? அந்தப் பாயில் உட்கார்ந்து இனி எந்தச் சத்தியத்தை வாய் திறந்து சொல்வது?

வியாழக்கிழமை அப்பா ஷிஃப்ட் முடிந்து வந்து ரெயின்கோட்டை உதறி மாட்டும்போது, எதிரே போய் நின்றாள்.

"அப்பா, நான் ஜாவா படிக்கல."

"இன்னா?"

"கிளாஸே கிடையாதுப்பா. ஞாயித்துக்கிழமை ஒரு கேம் ஆடப் போறேன். நாலு பேர் உக்காந்து கதை பேசறது. பந்தயம் இல்ல. ஆனா... பகடை உருட்டுவோம்."

அப்பா கட்டிலில் உட்கார்ந்தார். "ஊர் பூரா சொல்லி வெச்சிருக்கேனேம்மா."

"யார் யார்கிட்ட சொன்னீங்களோ, நானே போய் அத்தனை பேர்கிட்டயும் பொய்னு சொல்றேன்பா. உங்கள ஏமாத்தினேன்னு சொல்றேன்."

"வாணாம்." பிறகு, "அன்னிக்குக் குடை பிடிச்சுக்கினு வந்த பையன் வாத்தியார் இல்லியா அப்போ?"

"இல்லப்பா."

"பின்ன யாரு?"

அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. "இன்னும் தெரியலப்பா."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஆனால் பானுவுக்கு அழுகை வரவில்லை. வெகுகாலமாக நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்றைத் தூக்கி வெளியே வைத்துவிட்டது போல, மூச்சு ஆழமாகப் போய் வந்தது.

மறுநாள் மாலை சிஞ்ச்வட் நடைமேடையில் அருண்ராஜ் நின்றிருந்தான். தாடி சரியாக மழிக்கவில்லை.

"தீர்ப்ப மாத்திடறேன்" என்றான் எடுத்த எடுப்பில். "வாள்ல வெளிச்சம் போகல. தளபதிய ஏமாத்த மாதங்கி அப்படி நடிச்சான்னு சொல்லிடலாம். நீங்க வந்தா போதும்."

"மாத்தினா வர மாட்டேன்."

அவன் விழித்தான்.

"தீர்ப்பு சரி. நான் அப்பாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். ஆனா நீங்க தீர்ப்பு சொன்ன காரணம் சரியில்ல. அன்னிக்கு உங்க குரல்ல கோவம் இருந்தது."

அவன் தண்டவாளத்தைப் பார்த்தான். "இருந்தது. பாலடின் தப்பு பண்ணினாளான்னு மட்டும்தான் நான் பாத்திருக்கணும். ஆனா... நீங்க 'சார்'னு சொன்னீங்களே, அது மனசுல குத்திட்டே இருந்துச்சு. நான் உங்களுக்கு சார் இல்லையே."

"அப்ப யாரு?"

வாயைத் திறந்தான். லோக்கல் அலறிக்கொண்டு உள்ளே நுழைந்தது. கூட்டம் இடையில் புகுந்தது. அவள் ஏறிக்கொண்டாள். இவ்வளவு தைரியமாக ஊருக்குத் தீர்ப்பு சொல்கிறவனுக்கு, ஒரு சொல்லுக்கு வாய் வரவில்லையே! கோபமாக இருந்தது. சிரிப்பாகவும் இருந்தது.

*

ஞாயிறு காலை அப்பா ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"கெளம்பு. எந்த எடம்னு காட்டு."

சேவியரின் வீட்டில் அவரைப் பார்த்ததும் பாயிலிருந்த எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து, பாயைச் சுற்றி ஒருமுறை பார்வையை ஓட்டினார்.

"காசு எங்க வெக்கறீங்க?"

"காசே கிடையாதுங்க" என்றான் அருண்ராஜ்.

"பின்ன எத வெச்சு ஆடறீங்க?"

"சொன்ன வார்த்தைய வெச்சுங்க."

அப்பா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஆடு, பாக்கறேன்."

பானு பாயில் உட்கார்ந்தாள். முதுகில் அப்பாவின் பார்வை. எதிரே அவன். 

"மாதங்கி முதல்ல பாலத்துக்குப் போகல. மில்காரம்மாகிட்ட போறா. மண்டி போடறா. 'காத்து இல்லம்மா. படைதான் வந்தது. எனக்குத் தெரியும். நீங்க கேக்கற கேள்விக்குப் பயந்துக்கிட்டு மறைச்சேன். உங்களுக்காக இல்ல, எனக்காகத்தான் மறைச்சேன். இப்ப எங்கிட்ட வெளிச்சம் இல்ல. வெறும் இரும்புதான் இருக்கு. இதோடவே போய்க் குழந்தைங்கள மீட்டுக் கொண்டாறேன்'னு சொல்றா."

நாற்காலி லேசாகக் கிரீச்சிட்டது.

ராஜி பகடையை எடுத்து நீட்டினாள். அருண்ராஜ் கையால் தடுத்தான். "இதுக்குப் பகடை தேவையில்ல." விரலைக் காகிதத்து ஆற்றின் மேல் வைத்தான். "அவ எந்திரிக்கறா. வாள உருவறா. ஆத்தங்கரை முழுக்க நீல வெளிச்சம்."

சேவியர் விசிலடித்தான். அதன் பிறகு நடந்ததுதான் போர்! மந்திரவாதி புகை மூட்டினான். திருடி கயிறுகளை அறுத்தாள். மாதங்கி பாலத்தின் நடுவில் தனியாக நின்றாள். பகடை உருள உருள அப்பாவின் நாற்காலி பாயை நோக்கி நகர்ந்துகொண்டே வந்தது.

"அங்கிள், சாய் ஆறுது" என்றாள் ராஜி.

"இரும்மா. பாலத்துக்கு அந்தாண்ட இன்னும் ரெண்டு பேரு நிக்கறான். கண்ணு, பின்னாடி பாத்துக்கோ!"

தளபதி கத்தியைக் கீழே போட்டு மண்டியிட்டான். மாதங்கி வாளை உறையில் போட்டாள். கடைசிக் குழந்தையும் பாலத்தைத் தாண்டியது. நான்கு பேரும் ஒன்றாகக் கத்திய கத்தலில் கீழ் வீட்டுக்காரர்கள் கூரையைத் தட்டினார்கள். வெளியே மழையும் வலுத்துக் கொட்டியது.

சத்தம் அடங்கியதும் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"சூதாட்டம் இல்ல. சரி. ஆனா அன்னிக்குக் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல." விரல் அருண்ராஜைக் காட்டியது. "இவரு யாரு?"

பானு எழுந்து நின்றாள். இதே கேள்விக்கு, இதே மனிதரிடம், ஒருமுறை பயந்து பதில் சொன்னாள். இப்போது நெஞ்சு படபடக்கிறதுதான்... ஆனால் இது பயம் இல்லை. பாலத்தின் நடுவில் நிற்பவளுக்கு இருக்குமே, அது.

"நான் ஆசைப்படறவருப்பா. அவர் மனசுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. அத அவர்தான் சொல்லணும்."

அருண்ராஜ் பதறி எழுந்தான். முழங்கால் இடித்து சாய்த் தட்டு கவிழ்ந்தது. மலையும் ஆறும் நனைந்தன.

"நானும்... அதாவது, அங்கிள்... பெஹ்லே தின் ஸே..."

"தமிழ்ல சொல்லுப்பா."

"முதல் நாள்லருந்தே, அங்கிள். ட்ரெயின்ல, யாருன்னே தெரியாத ஒருத்தனுக்காக இவங்க கத்தினாங்க பாருங்க... அப்பவே."

"உங்கப்பா பேரு?"

"லூர்துசாமிங்க. தேஹு ரோடு டிப்போல இருந்தாரு."

அப்பா அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"அது வேற சண்டை. அதுக்கு இவங்கம்மா வீட்டுல இருக்கா" என்று குடையை எடுத்துக்கொண்டார் அப்பா. "வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. நேரா வந்து அவகிட்டயும் சொல்லு. கண்ணு, நான் கீழ நிக்கறேன். மெதுவா வா."

அவர் படியிறங்கும் சத்தம் தேய்ந்தது. சேவியரை ராஜி சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

அருண்ராஜ் அவளைப் பார்த்தான். சாயைத் துடைத்து நனைந்த கைக்குட்டையைக் கையில் சுருட்டிக்கொண்டு, பரீட்சையில் நிற்கும் பையன் மாதிரி.

"எல்லாத்தையும் நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கு ஒண்ணுமே விடல."

"அப்பாகிட்ட சொன்னீங்க. எங்கிட்ட இன்னும் சொல்லலியே."

"பயமா இருக்கு."

"எனக்கும்தான் இருந்தது... சொல்லுங்க."

அவன் ஒரு அடி முன்னால் வந்தான். இந்த முறை தமிழ் தடுக்கவில்லை.

"பானு... எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு. நீ எங்க நிக்கறியோ, அங்க நானும் பக்கத்துல நிக்கணும். வாழ்க்கை முழுக்க."

பானு அவன் கையிலிருந்த கைக்குட்டையை வாங்கிக்கொண்டாள். சிரித்தாள். வீட்டிலும் தொழிற்சாலையிலும் தனித்தனியாக வாழ்ந்துகொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒருத்தியாகி, முதல் முறையாக, வாய்விட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.